வகுத்தால் தடை, பெருக்கினால் திறன்

தென் கொல்கத்தாவின் டாலிகஞ்ச், வங்க சினிமா ஸ்டுடியோக்களின் வட்டாரம். அங்குள்ள மெட்ரோ நிலையத்துக்கும் இப்போது ஒரு நடிகரின் பெயர்தான்: மகாநாயக் உத்தம் குமார். வடக்கிலிருந்து சுரங்கத்தில் வரும் ரயில், ரவீந்திர சரோவர் நிலையத்தைத் தாண்டியதும் மேலேறி இங்கே தரைமட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே சுரங்க நிலையங்களில் இருட்டில் கிடக்கும் ஒரு பொருளை இங்கே பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். சக்கரங்கள் உருளும் இரண்டு தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் நீண்டு போகிறது. அதன்மேல் எந்தச் சக்கரமும் ஏறுவதில்லை. 750 வோல்ட் நேர்மின்சாரத்தை ரயிலுக்குக் கொடுப்பது மட்டுமே அந்த மூன்றாம் தண்டவாளத்தின் வேலை. ரயிலின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தொடுகட்டை என்ற ஓர் உலோகத் துண்டு அதை உரசிக்கொண்டே போய் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது.

இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தாவில் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 1986 ஏப்ரல் 29 அன்று டாலிகஞ்ச் வரை நீண்டது. 2009 வரை இதுதான் அந்தத் தடத்தின் தென்கோடி. அன்று போட்ட மூன்றாம் தண்டவாளம் எஃகால் ஆனது. அதை எடுத்துவிட்டு அலுமினியக் கலப்புத் தண்டவாளம் போடப்போவதாக 2023ஆம் ஆண்டின் இறுதியில் கொல்கத்தா மெட்ரோ அறிவித்தது. கட்டம் கட்டமாக நடக்கும் அந்த வேலையில் ஜதின் தாஸ் பார்க் முதல் டாலிகஞ்ச் வரையிலான பகுதியும் உண்டு. இந்த மாற்றத்தால் ஆண்டுக்குச் சுமார் 67 லட்சம் யூனிட் மின்சாரம் மிச்சமாகும் என்பது நிர்வாகத்தின் மதிப்பீடு.

ரயில் அதேதான். பயணிகள் அதே பயணிகள். 750 வோல்ட்டும் மாறவில்லை. பக்கத்தில் கிடக்கும் உலோகத்தை மட்டும் மாற்றினால் எப்படி மின்சாரம் மிச்சமாகும்? ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடக்கூடிய ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் இதற்கு விடை சொல்லிவிடும்.

இரண்டு அளவுகள், இரண்டு கணக்குகள்

மின்சுற்று எதுவானாலும் முதலில் அளக்க வேண்டியவை இரண்டு. ஒன்று மின்னழுத்தம், வோல்ட்டில். மற்றது மின்னோட்டம், ஆம்பியரில்.

மின்னோட்டம் என்பது கம்பியின் ஓரிடத்தை ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடந்து போகிறது என்ற கணக்கு. மின்னூட்டத்தைக் கூலும் என்ற அலகில் அளக்கிறோம். நொடிக்கு ஒரு கூலும் கடந்தால் ஓர் ஆம்பியர். மின்னழுத்தம் என்பது அந்த ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது எவ்வளவு ஆற்றலைக் கொடுக்கிறது என்ற கணக்கு. கூலுமுக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வோல்ட்.

இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். கூலுமுக்கு இத்தனை ஜூல், நொடிக்கு இத்தனை கூலும். நடுவில் கூலும் அடிபட்டுப்போய், நொடிக்கு இத்தனை ஜூல் என்று நிற்கும். இதைத்தான் வாட் என்கிறோம். மின்திறன் என்பது வோல்ட் பெருக்கல் ஆம்பியர் என்று பாடப்புத்தகம் போடும் சூத்திரத்தில் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. அலகுகளே அதைச் சொல்லிவிடுகின்றன.

வகுத்தால் வருவது வேறு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால், ஓர் ஆம்பியரை ஓட்ட எத்தனை வோல்ட் தேவைப்படுகிறது என்று தெரியும். அதுதான் மின்தடை; அதன் அலகு ஓம். 230 வோல்ட்டில் வேலை செய்யும் ஓர் அயர்ன் பாக்ஸ் 4.35 ஆம்பியர் எடுத்தால், பெருக்கல் 1,000 வாட் என்கிறது. வகுத்தல் சுமார் 53 ஓம் என்கிறது. அளந்தது இரண்டே எண்கள்தான். அந்தப் பெட்டி எவ்வளவு சூடு தரும் என்பதும், அதனுள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எப்படிப்பட்டது என்பதும் அதிலேயே கிடைத்துவிட்டன.

இன்று இது எளிதாகத் தெரிகிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் சைமன் ஓமுக்கு அது எளிதாக இருக்கவில்லை. அந்தக் காலத்து மின்கலங்கள் நிலையாக நிற்காது. அளந்துகொண்டிருக்கும்போதே அழுத்தம் இறங்கிவிடும். அப்படிப்பட்ட கலத்தை நம்பி எந்த விதியையும் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே 1826இல் அவர் மின்கலத்தை ஒதுக்கிவிட்டு, தாமிரமும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப இரட்டையைக் கையிலெடுத்தார். அதன் ஒரு முனை கொதிக்கும் நீரில், மறுமுனை பனிக்கட்டியில். இரண்டு முனைகளின் வெப்பநிலையும் மாறாது. ஆகவே கிடைக்கும் மின்னழுத்தமும் மாறாது. அந்த நிலையான அழுத்தத்தோடு வெவ்வேறு நீளக் கம்பிகளைப் பொருத்தி அளந்த பிறகே கணக்கு ஒழுங்குக்கு வந்தது. 1827இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். தன் நாட்டில் உடனே பெரிய வரவேற்பு கிடைக்கவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்தது. கம்பி சூடாவதற்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள உறவை அதே காலகட்டத்தில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் அளந்து சொன்னார். இந்த இருவரின் கணக்குகளும் சேர்ந்தால் டாலிகஞ்ச் தண்டவாளத்தின் கதை முழுதாக விளங்கிவிடும்.

தண்டவாளம் தின்னும் மின்சாரம்

ஊர் மின்கட்டமைப்பிலிருந்து உயர் அழுத்தத்தில் வரும் மாற்றுமின்சாரத்தைத் தடத்தின் ஓரத்திலுள்ள துணைமின் நிலையங்கள் 750 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி மூன்றாம் தண்டவாளத்துக்குக் கொடுக்கின்றன. ரயில் துணைமின் நிலையத்தின் வாசலிலேயே நிற்பதில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அந்த ஒரு கிலோமீட்டர் உலோகத்தையும் கடந்துதான் மின்சாரம் அதை அடைய வேண்டும். எவ்வளவு தடிமனான தண்டவாளமாக இருந்தாலும் அதற்கும் கொஞ்சம் மின்தடை உண்டு.

கணக்குக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்வோம். எஃகுத் தண்டவாளத்தின் தடை கிலோமீட்டருக்கு 0.02 ஓம். புறப்பட்டு வேகமெடுக்கும் ரயில் இழுப்பது 3,000 ஆம்பியர். ரயிலுக்கும் துணைமின் நிலையத்துக்கும் இடையே ஒரு கிலோமீட்டர். 0.02 ஓம் என்பது மிக அற்பமான தடை. நம் வீட்டு அயர்ன் பாக்ஸின் தடையில் இரண்டாயிரத்து அறுநூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் 3,000த்தை 0.02ஆல் பெருக்கினால் 60. வழியிலேயே 60 வோல்ட் குறைந்து, 690 வோல்ட்தான் ரயிலுக்குப் போய்ச் சேருகிறது.

குறைந்த 60 வோல்ட் எங்கே போயிற்று? 60 வோல்ட்டை 3,000 ஆம்பியரால் பெருக்குங்கள்: 1,80,000 வாட், அதாவது 180 கிலோவாட். அத்தனையும் தண்டவாளத்தைச் சூடாக்குவதில் போய்விட்டது. துணைமின் நிலையம் அனுப்பியது 2,250 கிலோவாட். அதில் நூற்றுக்கு எட்டுப் பங்கு யாரையும் எங்கும் கொண்டுபோகாமல் வழியிலேயே வெப்பமாகிக் காற்றில் கலந்துவிட்டது.

இப்போது அலுமினியத்தைப் போடுவோம். எஃகுத் தண்டவாளத்தின் தடை அலுமினியக் கலப்புத் தண்டவாளத்தின் தடையைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு என்று கொல்கத்தா மெட்ரோ கணக்கிட்டிருக்கிறது. அப்படியானால் நம் கணக்கில் 60 வோல்ட் இழப்பு 10 வோல்ட்டாகச் சுருங்கும். 180 கிலோவாட் விரயம் 30 கிலோவாட்டாகும். ரயிலுக்கு 740 வோல்ட் கிடைக்கும். மின்னழுத்தம் கூடுவதால் ரயில் இன்னும் சுறுசுறுப்பாக வேகமெடுக்கும். உண்மையில் ரயிலுக்கு இரண்டு பக்கத்துத் துணைமின் நிலையங்களிலிருந்தும் மின்சாரம் வரும். திரும்பிப் போகும் மின்சாரத்துக்கு ஓட்டத் தண்டவாளங்களின் தடையும் சேரும். ஆகவே களத்தில் எண்கள் மாறும். கணக்கின் முறை மாறாது.

அலுமினியம் மிருதுவான உலோகம். நாள் முழுதும் ரயிலின் தொடுகட்டை உரசினால் தேய்ந்துபோகும். அதனால்தான் கலப்புத் தண்டவாளம்: உடல் அலுமினியம், உரசும் முகத்தில் மட்டும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை. மின்சாரத்தைச் சுமக்கும் வேலை ஓர் உலோகத்துக்கு, தேய்மானத்தைத் தாங்கும் வேலை இன்னோர் உலோகத்துக்கு. லண்டன், மாஸ்கோ, பெர்லின், மூனிக், இஸ்தான்புல் மெட்ரோக்களும் இப்படி எஃகிலிருந்து அலுமினியத்துக்கு மாறியவை.

ஆண்டுக்கு 67 லட்சம் யூனிட், அதாவது 67 லட்சம் கிலோவாட்-மணி என்ற மதிப்பீட்டை ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்தால் வகுத்தால் சுமார் 765 கிலோவாட் வருகிறது. இரவும் பகலும் ஓயாமல் 765 அயர்ன் பாக்ஸ்கள் தண்டவாளத்தோரம் எரிந்துகொண்டிருந்ததை அணைப்பதற்குச் சமம் அது. பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையம் குறையும் என்றும், 35 கிலோமீட்டர் தடத்துக்கு ஏறக்குறைய 210 கோடி ரூபாய் முதலீடு மிச்சமாகும் என்றும் நிர்வாகம் சொன்னதற்கும் காரணம் இதுதான். வழியில் இழப்பு குறைந்தால் மின்சாரம் இன்னும் கொஞ்சம் தூரம் தாக்குப்பிடிக்கும்.

வர்க்கத்தின் கொடுமை

மேலே போட்ட கணக்கில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ரயில் பாதி மின்னோட்டம், அதாவது 1,500 ஆம்பியர் மட்டும் எடுத்தால் எஃகுத் தண்டவாளத்தில் குறைவது 30 வோல்ட். விரயம் 30 பெருக்கல் 1,500, அதாவது 45 கிலோவாட். மின்னோட்டம் பாதியானதும் விரயம் கால்வாசியாகிவிட்டது. ஏனென்றால் குறையும் வோல்ட்டும் மின்னோட்டத்தால் வருவது; அதை மறுபடியும் மின்னோட்டத்தால் பெருக்குகிறோம். ஆக, விரயம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் தடை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் விரயம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. ஜூல் கண்ட விதி இதுவே.

விரயத்தைக் குறைக்க இரண்டே வழிகள்தான். தடையைக் குறைக்கலாம், கொல்கத்தா செய்வது அது. மின்னோட்டத்தைக் குறைக்கலாம், சென்னை மெட்ரோ செய்திருப்பது அது. சென்னையில் ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மாற்றுமின்சாரம். 3,000 கிலோவாட் வேண்டுமென்றால் 750 வோல்ட்டில் 4,000 ஆம்பியர் இழுக்க வேண்டும். 25,000 வோல்ட்டில் 120 ஆம்பியர் போதும். மின்னோட்டம் 33 மடங்கு குறைகிறது. ஆகவே அதே தடையுள்ள கம்பியில் விரயம் ஆயிரம் மடங்குக்கும் மேல் குறையும். அதனால்தான் சென்னையில் விரல் தடிமன் கம்பி போதுமானதாக இருக்கிறது. டாலிகஞ்சில் ஒரு தண்டவாளமே தேவைப்படுகிறது.

அப்படியானால் கொல்கத்தா ஏன் 750 வோல்ட்டைத் தேர்ந்தது? 25,000 வோல்ட் கம்பியைச் சுரங்கத்தின் கூரையில் தொங்கவிட்டால் அதற்கும் சுவருக்கும், ரயில் கூரைக்கும் இடையே நிறைய இடைவெளி வேண்டும். சுரங்கம் உயரமாகும், செலவு ஏறும். மூன்றாம் தண்டவாளம் பக்கத்தில் அடங்கிக் கிடக்கும். மின்சாரத்தில் கொஞ்சம் இழந்தாலும் மண் தோண்டும் செலவில் மிச்சம். பெங்களூரு மெட்ரோவும் 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது.

இந்த வர்க்கக் கணக்கு ஊர்களின் வரைபடத்தையே தீர்மானித்திருக்கிறது. கொல்கத்தாவின் முதல் மின் நிலையம் 1899 ஏப்ரல் 17 அன்று நகரத்தின் நடுவே இமாம்பாக் சந்தில் வேலை தொடங்கியது. புகை கக்கும் நிலையத்தை ஊருக்கு நடுவில் வைத்தது வேறு வழியில்லாததால்தான். குறைந்த அழுத்தத்தில் அனுப்பும் மின்சாரம் சில கிலோமீட்டருக்குள் களைத்துப்போகும். மாற்றுமின்சாரமும் டிரான்ஸ்ஃபார்மரும் வந்து அழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் முடிந்த பிறகே மின் நிலையங்கள் ஊரை விட்டு வெளியே போயின. 1932இல் நீலகிரியின் பைக்காராவில் அருவி நீரில் எடுத்த மின்சாரம் மலையிறங்கிக் கோயம்புத்தூர் ஆலைகளை ஓட்டியது உயர் அழுத்தத்தின் தயவால்தான்.

மோட்டாரை வகுத்தால் என்ன வரும்?

கொல்கத்தா மெட்ரோவின் முதல் ரயில் பெட்டிகள் நம்மூர்ச் சரக்கு. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. குளிர்சாதனம் இல்லாத அந்தப் பெட்டிகள் 2021 அக்டோபர் 24 அன்று, மெட்ரோ தொடங்கி சரியாக 37 ஆண்டுகள் ஆன நாளில் ஓய்வுபெற்றன.

ரயிலை இழுக்கும் நேர்மின் மோட்டாரிடம் நம் வகுத்தல் ஒரு வேடிக்கை காட்டும். மறுபடி கணக்குக்காக: ஒரு மோட்டார் 750 வோல்ட்டில் 200 ஆம்பியர் எடுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. வகுத்தால் 3.75 ஓம். மோட்டாரை நிறுத்திக் கழற்றி அதன் சுருளின் தடையை மட்டும் அளந்தால் 0.1 ஓம்தான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எது உண்மை?

இரண்டும் உண்மைதான். சுழலும் மோட்டார், தானே ஒரு ஜெனரேட்டராகவும் இருக்கிறது. சுழலச் சுழல, வரும் மின்னழுத்தத்துக்கு எதிராக இன்னொரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. நம் எடுத்துக்காட்டில் 730 வோல்ட் எதிர்த்து நிற்கிறது. மிச்சம் 20 வோல்ட்தான் 0.1 ஓம் சுருளில் 200 ஆம்பியரை ஓட்டுகிறது. உள்ளே போன திறன் 150 கிலோவாட். சுருளில் வெப்பமாகப் போனது 200இன் வர்க்கம் பெருக்கல் 0.1, அதாவது 4 கிலோவாட். மீதி 146 கிலோவாட் ரயிலை இழுக்கிறது. அயர்ன் பாக்ஸுக்கும் மோட்டாருக்கும் வித்தியாசம் இதுதான். அயர்ன் பாக்ஸில் எல்லாமே வெப்பம்; மோட்டாரில் வெப்பம் போக எஞ்சுவது வேலை.

இதையே புறப்படும் நொடிக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டார் சுழலவில்லை, எதிர்த்து நிற்க எதுவும் இல்லை. 750ஐ 0.1ஆல் வகுத்தால் 7,500 ஆம்பியர். சுருள் உருகிவிடும். அதனால் பழைய வகை மின்ரயில்களில் புறப்படும்போது மோட்டாரோடு பெரிய தடைகளை வரிசையில் சேர்த்து மின்னோட்டத்தை அடக்கி, வேகம் ஏற ஏற ஒவ்வொன்றாக விலக்குவார்கள். அந்தத் தடைகளில் எரியும் மின்சாரம் முழுவதும் வீண்வெப்பம். இன்றைய ரயில்களில் மின்னணுக் கருவிகள் அந்த வேலையைப் பெருமளவு விரயமில்லாமல் செய்கின்றன. வீட்டில் மிக்சியின் பிளேடு ஏதாவதில் சிக்கி நின்றுபோனால் சட்டென்று கருகல் வாடை வருவதும் இதே கணக்கால்தான். சுழற்சி நின்றது, எதிர்ப்பு போயிற்று, மின்னோட்டம் எகிறியது.

ஸ்டுடியோ விளக்கின் இரு முகங்கள்

டாலிகஞ்சின் இன்னொரு பெரிய மின் நுகர்வோர் சினிமா. 1931இல் பி.என். சர்க்கார் தொடங்கிய நியூ தியேட்டர்ஸ் உட்படப் பல ஸ்டுடியோக்கள் இங்கே வளர்ந்தன. சென்னையில் ஒலிப்பட ஸ்டுடியோ வராத தொடக்க ஆண்டுகளில் தமிழ்ப் பேசும் படங்கள் பலவும் கல்கத்தாவிலும் பம்பாயிலும்தான் எடுக்கப்பட்டன. அன்றைய படப்பிடிப்பு அரங்கம் என்பது ஓர் உலைக்களம். இழை சூடாகி ஒளிரும் 5,000 வாட் விளக்கு ஒன்றே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 22 ஆம்பியர் இழுக்கும். பத்து விளக்கு எரிந்தால் 50 கிலோவாட். அதில் மிகச் சிறு பங்கே ஒளி, மற்றதெல்லாம் வெப்பம். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காக 1956 வாக்கில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, விளக்கை நடிகர்மேல் நேரே காட்டாமல் வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்ப வைத்தார். நிழலில் இயற்கைத்தன்மை வந்தது. துணியில் பட்டுத் திரும்பும்போது ஒளி கொஞ்சம் குறையும். அதை ஈடுகட்டக் கூடுதல் வாட் வேண்டும்.

அந்த 5,000 வாட் விளக்கு எரியும்போது வகுத்தால் தடை சுமார் 10.6 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் ஓர் ஓம்கூட இருக்காது. டங்ஸ்டன் இழை மூவாயிரம் கெல்வினை நெருங்கும்போது அதன் தடை அறை வெப்பநிலையில் இருப்பதைப்போல ஏறத்தாழ பதினைந்து மடங்காகிவிடுகிறது. சூட்டில் அணுக்கள் அதிகம் அதிர்கின்றன. எலக்ட்ரான்கள் அவற்றில் மோதி மோதித் தடுமாறுகின்றன. ஆகவே சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில், இழை ஆறியிருக்கும்போது, கணக்குப்படி 300 ஆம்பியருக்கு மேல் பாயப் பார்க்கும். இழை சூடாகித் தடை ஏறுவதற்குள் நொடியின் சிறு பகுதிதான். பழைய குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போகாமல், சுவிட்சைப் போடும்போதே ‘பட்’டென்று போனது இதனால்தான்.

ஆக, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துக் கிடைக்கும் எண் அந்தப் பொருளின் பிறவிக் குணமென்று எண்ணிவிடக் கூடாது. அந்த நேரத்தில், அந்த வெப்பநிலையில் அதன் நிலைமை அது. வெப்பநிலை மாறாத உலோகக் கம்பிக்குத்தான் ஓம் சொன்னது அப்படியே பொருந்தும். எல்.இ.டி. விளக்கில் மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டினாலும் மின்னோட்டம் பல மடங்கு தாவும். அதைக் கட்டுப்படுத்தவே அதனுள் ஒரு டிரைவர் சுற்று இருக்கிறது. பெருக்கல் அப்படியில்லை. அந்தந்தக் கணத்தின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால், எந்தக் கருவியானாலும் அந்தக் கணத்தின் திறன் சரியாக வரும்.

வீட்டுக்குள் வரும் கணக்கு

மாலையில் தெரு முழுக்க ஏ.சி. ஓடி, உங்கள் வீட்டில் 230 வோல்ட் 180 ஆக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 53 ஓம் அயர்ன் பாக்ஸ் இப்போது 3.4 ஆம்பியர்தான் எடுக்கும். திறன் சுமார் 610 வாட். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. சூடோ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. இங்கேயும் வர்க்கம்தான் விளையாடுகிறது. கீசரில் தண்ணீர் சுட நேரமாவதற்குக் கீசரைத் திட்டிப் பயனில்லை.

இதைவிட முக்கியமானது தளர்ந்த பிளக். 15 ஆம்பியர் சாக்கெட்டில் பின் சரியாகப் பொருந்தாமல், தொடும் இடத்தில் 0.2 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்றால், 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே குறைவது 3 வோல்ட். ஹீட்டரின் வேலையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 3 பெருக்கல் 15 என்பது 45 வாட். பட்டாணி அளவு இடத்தில் ஒரு சால்டரிங் அயர்னின் சூடு. பிளாஸ்டிக் இளகும், கறுக்கும், பிறகு பற்றிக்கொள்ளும். ஃபியூஸும் எம்.சி.பி.யும் இதைக் கண்டுபிடிக்காது. அவற்றின் பார்வையில் மின்னோட்டம் வரம்புக்குள்தான் இருக்கிறது. துர்கா பூஜைப் பந்தலானாலும் நம்மூர் அம்மன் கோயில் திருவிழாவானாலும், தற்காலிக வயரிங்கில் ஆபத்தின் முதல் இடம் இப்படிப்பட்ட இணைப்புகள்தான். இரண்டாவது இடம் மெல்லிய வயர். ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் இருபது மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டால் போகவர நாற்பது மீட்டர். தடை சுமார் 0.7 ஓம். 2,000 வாட் ஹீட்டரை அதில் செருகினால் வயரிலேயே 50 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும். நீட்டிப் போட்டிருந்தால் காற்றில் ஆறிவிடும். சுருட்டி வைத்திருந்தால் அத்தனை சூடும் உள்ளேயே தங்கும்.

நம் உடம்புக்கும் இதே வகுத்தல்தான். உடலின் தடை ஈரம், தொடும் பரப்பு எல்லாவற்றையும் பொறுத்து மாறும். கணக்குக்கு 1,000 ஓம் என்று எடுத்தால் 230 வோல்ட் 0.23 ஆம்பியரை உடம்பில் ஓட்டும். மூன்றாம் தண்டவாளத்தின் 750 வோல்ட் முக்கால் ஆம்பியரை ஓட்டும். வீட்டு ஆர்.சி.சி.பி. 0.03 ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஆபத்தின் அளவு புரியும். மெட்ரோ பிளாட்பாரத்திலிருந்து கைபேசி கீழே விழுந்தால் நீங்கள் இறங்கக் கூடாது. ஊழியரைக் கூப்பிட வேண்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மாற்றுமின்சாரத்தில் ஓடும் மின்விசிறி, ஃபிரிட்ஜ் போன்ற மோட்டார் கருவிகளில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி நடக்கும். அங்கே மீட்டர் காட்டும் வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கினால் உண்மையான வாட்டைவிட அதிகமாக வரும். திறன் காரணி என்ற ஒன்றைவிடக் குறைந்த எண்ணாலும் பெருக்க வேண்டும். அயர்ன் பாக்ஸ், கீசர், ஹீட்டர் போன்ற சூடாக்கும் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க எந்தக் கம்பியையும் தொட வேண்டாம். வீட்டு மின்னணு மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 3,200 என்றால், 1,000 வாட் கருவி ஒன்று மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு 53 முறை சிமிட்ட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டு, அது சூடேறிக்கொண்டிருக்கும்போதே எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளை எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது. கிடைத்த வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர். 230ஐ அந்த ஆம்பியரால் வகுத்தால் ஓம். எண்ணி முடித்ததும் அயர்ன் பாக்ஸை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் பின்களுக்கு அருகே தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பிளக்கையும் சாக்கெட்டையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.